அக்கா குளத்துக்கு நான் செஞ்ச சீரு

எங்க வீட்டுல ஒருத்தரு கால நீட்டணும்னா இன்னொருத்தரு மடக்கணும். ஏலப்பாறைக்கு மேல எஸ்டேட் லயத்துல, வரிசை வீட்டுல, ஒத்த ரூம்பு, பின்னால ஒரு அடுப்படி, அம்புட்டுதான். அதுக்குள்ள அம்மா, நான், அக்கா, அக்கா பிள்ளைக ரெண்டு. அத்தான் மூணாறுல டூரிஸ்ட் ஜீப்பு ஓட்டுறாரு. மாசத்துக்கு ரெண்டு வாட்டி வருவாரு. வந்தா நான் பக்கத்து வீட்டுத் தாவாரத்துக்கு ஜாகை மாத்திக்கிடுவேன். "அத்தான், உங்களுக்கு ரூம்பு வாடகை கிடையாது, டிரைவருக்கு சலுகை"ன்னு சொல்லிட்டுப் போவேன். அக்கா கையில கெடச்சத எறிவா.

அந்த வீடு எங்களுது இல்ல. வேலையோட ஒட்டிக்கிட்டு இருக்குற வீடு. குடும்பத்துல ஒரு ஆளு பேராவது எஸ்டேட்டுல பெர்மனென்டா இருக்கணும். இருந்தாத்தான் வீடு. அம்மா பேரு இருந்துச்சு. அம்மாவுக்கு வேலை வயசு முடியப் போவுது. அதுக்குள்ள என் பேரு ஏறலேன்னா சாவியக் குடுத்துட்டு நடையக் கட்டணும். எங்க போறதுன்னு எங்க வீட்டுல யாரும் கேக்க மாட்டோம். கேட்டா பதிலு சொல்லணும்ல. தென்காசிப் பக்கம் இருந்து எங்க ஆளுக மலையேறி வந்து மூணு தலைமுறை ஆச்சு. அங்க இப்ப எங்களப் பாத்து வாலாட்ட ஒரு நாய் கூட கிடையாது.

நான் பத்தாங்கிளாஸ ரெண்டு தடவ எழுதுனவன். ரெண்டாவது தடவ மார்க்கு இன்னும் கொறஞ்சு போச்சு. அதுக்கப்புறம் படிப்பு என்னைய விட்டுருச்சு, நானும் அத விட்டுட்டேன். ஆனா வாயி மட்டும் வஞ்சகமில்லாம வளந்துச்சு. எங்க லயத்துல எல்லாருக்கும் நாந்தான் பட்டப்பேரு வச்சேன். எழவு வீட்டுலயும் ரெண்டு பேரச் சிரிக்க வச்சிட்டுத்தான் வருவேன். நான் என்ன சொன்னாலும் ஊரு சிரிக்கும். அது ஒரு பெரும கணக்காத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு அப்ப.

எஸ்டேட்டுல சேருறதுக்கு முன்னால ஒரு எட்டு மாசம் கடற்கரைப் பக்கம் போயிருந்தேன். கடலும் காயலும் சேருற எடம். அங்க ஒரு ஆளு இரும்புக் குழாய்ல சட்டம் கட்டி, அடியில வலயத் தொங்கவிட்டு, தண்ணிக்குள்ளயே கூண்டு போட்டு கொடுவா மீனு வளத்தாரு. மலயாளத்துல அதக் காளாஞ்சின்னுவாங்க. என் வேலை தீனி போடுறது, வலையில ஒட்டுற அழுக்கத் தேய்க்கிறது, கூண்டுக்குப் பக்கத்துல மெதக்குற தட்டிக் கொட்டகையில காவல் கெடக்குறது. வேடிக்கை என்னன்னா எனக்கு நீச்சல் தெரியாது. மலையில பொறந்தவனுக்கு நீச்சல் எதுக்கு? தோணிக்காரன் எறக்கி விட்டுட்டுப் போயிட்டா மறுநா அவன் வர்ற வரைக்கும் நாலு பக்கமும் தண்ணி. கூண்டுக்குள்ள மீனு, கொட்டகைக்குள்ள நானு. "நீங்களாவது நீந்துவீங்கடா"ன்னு மீனுகிட்டச் சொல்லிக்கிட்டு இருப்பேன்.

ஒரு நாளு காலையில எந்திரிச்சுப் பாத்தா தண்ணி கடுங்காப்பி நெறத்துல கெடக்கு. வாடை வேற. வெளியில இருந்த மீனெல்லாம் எப்பவோ ஓடிப் போச்சு. எங்க மீனு எங்க ஓடும்? வலைக்குள்ளயே சுத்திச் சுத்தி மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. முதலாளி தோணியில வந்தாரு. தீனிய நிறுத்தச் சொன்னாரு. வலையக் கொஞ்சம் ஆழத்துல எறக்குனோம். ரெண்டு தோணியக் கட்டி கூண்ட இழுத்து நல்ல தண்ணிக்குக் கொண்டு போகப் பாத்தோம். கான்கிரீட் கட்டைக்குப் போட்டிருந்த சங்கிலி துருப்பிடிச்சு கழறவே இல்ல. வெயிலு ஏறுறதுக்குள்ள எல்லாம் வெள்ள வயித்தக் காட்டிக்கிட்டு மெதந்துச்சு.

அவருதான் சொன்னாரு, இது கண்ணுக்குத் தெரியாத பாசின்னு. தண்ணியில எப்பவும் கொஞ்சம் இருக்குமாம். மேல இருந்து ஆத்துல உரமும் சாக்கடையும் வந்து விழுந்தா அதுக்குத் தீனி கெடச்ச மாதிரி பெருகிருமாம். பெருகிச் சாவும்போது தண்ணியில இருக்குற மூச்சையெல்லாம் அதுவே எடுத்துக்கிடுமாம். சில பாசியில வெசமும் உண்டாம். அவரு கத்தல, கொள்ளல. ஆறு வந்து சேருற தெசையப் பாத்துக்கிட்டு ஒண்ணுதான் சொன்னாரு.

"மேல இருக்குறவனுக்கு இது தெரியவே தெரியாதுடா. அவன் நல்லாச் சாப்பிட்டுத் தூங்குவான்."

நான் தான் மேல இருக்குறவன நல்லா வஞ்சேன். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மொழியிலயும் வஞ்சேன். அவன் யாருன்னே தெரியாததுனால அவனுக்கும் ஒரு பட்டப்பேரு வச்சேன். அப்புறம் கூண்டும் இல்ல, வேலையும் இல்ல, பஸ்ஸப் புடிச்சு மலையேறி வந்துட்டேன்.

வந்து பாத்தா அக்கா மீனு வளக்குறா.

அக்காவுக்கு டெம்பரரியாவே தேயிலைக் கொழுந்து எடுத்து எடுத்து வலது தோளு போயிருச்சு. கைய மேல தூக்குனா பல்லக் கடிப்பா. லயத்துக்கு வர்ற தடத்தோரமா எஸ்டேட்டு எப்பவோ மருந்தடிக்கிற தண்ணிக்காகத் தோண்டுன குளம் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அக்காவும் இன்னும் நாலு பொம்பளைகளும் மேனேஜரப் போயிப் பாத்து வாயால அனுமதி வாங்கியிருக்காக. பஞ்சாயத்துல இருந்து ஜிலேபி மீன் குஞ்சு குடுத்திருக்காக. மேனேஜரு ஒண்ணே ஒண்ணு சொல்லி விட்டாராம்: குளம் நெறஞ்சா தண்ணி கீழ் லயத்துக்குத்தான் போவும், அதனால சாணி, கோழிக் கழிவுன்னு எதையும் உள்ள போடக் கூடாது. போட்டா குளத்த மூடிருவோம்னு.

அக்கா அந்தக் குளத்தப் பாத்துக்கிட்ட மாதிரி பிள்ளைகளக் கூடப் பாத்துக்கிடல. மீங்கொத்தி வரக் கூடாதுன்னு மேல வலை கட்டியிருந்தா. காலையிலயும் சாயங்காலமும் தீனி போடப் போவா. அவ நெழலு தண்ணியில விழுந்தா போதும், மீனெல்லாம் கரைக்கு வந்து வாயத் தொறக்கும். "இதுகளுக்கு இருக்குற மரியாத உனக்கு இல்லலே"ம்பா. நான், "அதுக வாயத் தொறந்தா நீ தீனி போடுற. நான் வாயத் தொறந்தா செருப்பு தான போடுற"ன்னுவேன். இந்த மீனு ஒரு தடவ நல்லா வந்துட்டா, அவ மறுபடியும் கொழுந்துக் கூடையத் தூக்க வேண்டாம். அது அவ சொல்லல. தோளத் தடவிக்கிட்டே குளத்தப் பாப்பா, அதுலயே எனக்குத் தெரியும்.

என்னைய எஸ்டேட்டுல டெம்பரரியா உரம் போடச் சேத்துக்கிட்டாக. உர வேலை டாஸ்க்கு வேலை. ஒரு ஆளுக்கு இத்தன மூட்டைன்னு பெரட்டுக் களத்துல சொல்லிருவாக. பெரட்டுன்னா காலையில பேரு கூப்புடுற எடம். மூட்டையத் தோளுல தூக்கிட்டுச் செங்குத்தா ஏறி, ஒவ்வொரு தேயிலைத் தூருக்கும் அளந்து போடணும். முடிச்சுட்டா வீட்டுக்குப் போயிறலாம். அதுனால எல்லாருக்கும் கடைசி மூட்ட மேல ஒரு கண்ணு. மழ வந்து, கால் வழுக்கி, இடுப்பு ஒடிஞ்சு நிக்கும்போது அந்தக் கடைசி மூட்டையத் தூருக்குத் தூரு போட யாருக்கும் மனசு வராது. ஓரமா எதாவது பள்ளத்துல, பன்னிப்பூண்டுப் புதருக்கு அடியில சொருகிட்டு, சாக்கக் கிழிச்சு விட்டுட்டுப் போயிருவானுக. மழயில தானாக் கரஞ்சுரும். சூப்பர்வைசருக்கும் தெரியும். அவரும் மழயில நிக்கிற ஆளுதான. புத்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பிருவாரு. பல வருசமா நடக்குறது. இது தப்புன்னு யாரும் யோசிச்சதே இல்ல. காலு வலிக்கு மருந்து கணக்கா அது.

எனக்குக் குடுத்த தேயிலைக் காடு ஒரு ஓடைக் கரையில இருந்துச்சு. அந்த ஓடை நேரா அக்கா குளத்துல போயி விழுவுது.

இங்கதான் என் மூள வேலை செஞ்சுச்சு. கடற்கரையில இருந்தப்ப அங்க ஒரு குளத்து மீங்காரன் சொன்னது அரையுங்குறையுமா ஞாபகம் இருந்துச்சு. தண்ணியில கொஞ்சம் உரம் போட்டா பச்சையாகும், அந்தப் பச்சை ஜிலேபி மீனுக்குத் தீனின்னு. எவ்வளவு கொஞ்சம்னு அவன் சொன்னானா, நான் கேக்கலயா, இப்ப நெனவில்ல. கூண்டுல நான் கண்ணால பாத்தது வேற. ஆனா அது கடலு, உப்புத் தண்ணி, இது நம்ம மலத் தண்ணி, நம்ம எஸ்டேட்டு உரம், அதுக்கும் இதுக்கும் என்னன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கடைசி மூட்டையும் ஒழிஞ்ச மாதிரி ஆச்சு, அக்கா மீனுக்கும் ஆச்சு. பொறந்தவளுக்குத் தம்பி சீரு செய்யணும்ல? கையில பைசா இல்லாத தம்பி வேற என்ன செய்வான். ஓடைக்கரையில சாக்கச் சொருகும்போதெல்லாம், "எங்க அக்காவுக்குச் சீரு போவுதுடா"ன்னு கூட வேலை பாக்குறவனுககிட்டச் சொல்லுவேன். சிரிப்பானுக. ரெண்டு நாளைக்கு ஒண்ணுன்னு அது பாட்டுக்குப் போச்சு. எத்தன மூட்டைன்னு நான் எண்ணல.

மொத ரெண்டு வாரம் தண்ணி எளம் பச்சையா மாறிச்சு. அக்காவுக்குச் சந்தோசம். மீனு தெம்பா இருக்குன்னா. நான் மீசைய முறுக்கிக்கிட்டு, எல்லாம் என் கைராசின்னேன். என்ன கைராசின்னு அவ கேக்கல. நானும் சொல்லல. சீரு செய்றவன் சொல்லிக் காட்டக் கூடாதுல்ல.

அப்புறம் நாலு நாளு விடாம மழ. அஞ்சாவது நாளு சுள்ளுன்னு வெயிலு. அதுக்கடுத்து ரெண்டு நாளு வெயிலு. குளத்துல பச்சை கெட்டியாச்சு. தண்ணி மேல பச்சைப் பெயின்டக் கொட்டி வச்ச கணக்கா ஒரு ஏடு. காத்தடிச்சா ஒரு மூலையில போயி ஒதுங்கும். கைய விட்டா மணிக்கட்டு வரைக்கும் பச்சை ஒட்டிக்கிட்டு வரும். ஒரு மண்ணு வாடை, அழுகுன கீரை வாடை.

மறுநா விடிஞ்சும் விடியாம அக்கா வந்து என்னைய எழுப்புனா. அவ எழுப்புற விதத்துலயே தெரிஞ்சுச்சு. போயிப் பாத்தேன். மீனெல்லாம் மேல. குளம் முழுக்க வாயி. தொறந்து மூடித் தொறந்து மூடி. அக்கா, "நெழலப் பாத்து வருதாலே"ன்னு கேட்டா. நெழலு விழுற அளவுக்கு அப்ப வெளிச்சமே இல்ல. எனக்கு அந்த வாயி தெரியும். கொட்டகையில நின்னு பாத்த அதே வாயி.

கரையில கெடந்த தீனிச் சாக்கத் தூக்கி அந்தப் பக்கம் வச்சேன்.

தீனிய நிறுத்துன்னேன். அஞ்சு பொம்பளைகளும் கொடம், வாளி, சட்டின்னு எடுத்துட்டு வந்து தண்ணிய மோந்து மேல இருந்து ஊத்துனாக. காத்து கலக்கட்டும்னுதான். நான் மேட்டு ஊத்துல இருந்து குழாயப் போட்டு நல்ல தண்ணிய எறக்குனேன். அக்கா இடது கையாலயே வாளியத் தூக்கித் தூக்கி ஊத்துனா. வெயிலு வந்தப்புறம் மீனு கொஞ்சம் உள்ள போச்சு. அம்பது அறுபது செத்து மெதந்துச்சு. அக்கா ஒவ்வொண்ணா வாலப் புடிச்சு எடுத்துக் கூடையில போட்டா. அழல. அழுதா நான் எதாவது கேலியாச் சொல்லிச் சமாளிச்சிருப்பேன்.

பஞ்சாயத்துல இருந்து மீன் வளப்பு பாக்குற மேடம் வந்தாக. சின்ன வயசுதான், மலயாளத்துக்காரவுக, தமிழு நல்லாப் பேசுவாக. ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாக. உள்ளாற எதோ சத்து நெறய வந்து சேருது, அது வர்ற வழிய அடைக்காம நீங்க எத்தன வாளி ஊத்துனாலும் அடுத்த மழைக்கு மிச்ச மீனும் போயிரும்னாக. பாட்டில ஆபீசுக்குக் கொண்டு போறேன், நாளைக்கு எஸ்டேட்டு ஆளுகளையும் வச்சுப் பேசுவோம்னாக. அக்கா அங்கேயே சொல்லிட்டா, எஸ்டேட்டு உரந்தான் மேல இருந்து வருது, நான் கேக்கத்தான் போறேன்னு. மத்த பொம்பளைகளும் ஆமான்னாக.

நான் ஓடையப் பாத்தேன். எல்லாரும் எதத் தேடுறாகளோ அது எங்க இருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். வானத்தப் பாத்தேன். கெழக்க போடிமெட்டுப் பக்கம் கறுத்துக்கிட்டு வந்துச்சு.

அன்னைக்கு மத்தியானமே சூப்பர்வைசரு என்னயத் தனியாக் கூப்புட்டாரு. நல்ல மனுசன். அவரு பொண்ணு கல்யாணத்துல நாந்தான் பந்தி பரிமாறுனேன். தேயிலைக்கு நடுவுல நின்னு, சுத்திப் பாத்துட்டு மெதுவாக் கேட்டாரு.

"மூட்டை எல்லாம் தூருக்குத்தானப்பா போச்சு?"

சும்மா இல்லாம பல்லக் காட்டுனேன்.

"சிரிக்காத. புத்தகத்துல உன் பேருக்கு நேர என் கையெழுத்து இருக்கு. வர்ற மாசம் பெர்மனென்ட் லிஸ்ட்டு போவுது, அதுல உன் பேர நாந்தான் எழுதிக் குடுத்திருக்கேன். தூருக்குத்தான் போச்சுன்னு நாளைக்கு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்த சொல்லிரு. போதும்."

தூருக்குத்தான் போச்சுன்னு சொன்னா, குளத்துல இருக்குற சத்து வேற எங்க இருந்து வந்துச்சு? பொம்பளைக எதோ போட்டுருக்காகன்னு ஆயிரும். குளத்த மூடிருவாக. போகலன்னு சொன்னா என் பேரு லிஸ்ட்டுல இருக்காது, அம்மா வேலையோட சேத்து வீடும் போயிரும், சூப்பர்வைசரு வேலைக்கும் ஒல. ஒண்ணும் சொல்லாம நின்னா அடுத்த மழயில மீனு போயிரும். எப்புடித் திரும்புனாலும் சொவரு. வலைக்குள்ள சுத்துன கொடுவாவுக்காவது ஏன்னு தெரியாது.

சாயங்காலம் மழைக்கு முன்னால ஓடைக்குப் போனேன். பன்னிப்பூண்ட வெலக்கிச் சாக்க இழுத்தேன். பாதி கரஞ்சு, மிச்சம் உள்ள கூழாட்டம் கெடந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. தோளுல தூக்குனா ஈர உரம் கழுத்துல வடிஞ்சு எரியுது. நாலாவதக் கீழ வச்சிட்டு நிமுந்தேன். அக்கா நிக்கிறா. தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாக்க ஓடையோடயே ஏறி வந்திருக்கா.

அவ சாக்கப் பாத்தா. என் கழுத்தப் பாத்தா. சாக்குல எங்க டிவிசன் முத்திரை இருந்துச்சு.

எனக்கு எதாவது ஒரு வேடிக்கை வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வரல. "சீரு, அக்கா"ன்னேன். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். கடைசி மூட்ட, பச்சைத் தண்ணி, கைராசி, சூப்பர்வைசரு கேட்டது, லிஸ்ட்டு. சொல்லி முடிச்சதும் அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா கொஞ்சம் எளகியிருக்கும்.

அவ குனிஞ்சு இடது கையால ஒரு சாக்கோட காதப் புடிச்சா. "அந்தப் பக்கம் புடி"ன்னா.

ரெண்டு பேருமா இழுத்து இழுத்து எல்லாத்தையும் ஓடையில இருந்து தள்ளி, மேட்டுல பள்ளமில்லாத எடத்துல போட்டு, பிளாஸ்டிக் தாளப் போட்டு மூடுனோம். ஒம்பது சாக்கு. அதுல மூணு வெறும் சாக்குதான், உள்ள ஒண்ணுமே இல்ல. அந்த மூணும் ஏற்கெனவே குளத்துக்குப் போயிச் சேந்துருச்சு. முடிக்கும்போது மழ புடிச்சுக்கிட்டு வந்துச்சு. நனஞ்சுக்கிட்டே நடந்தோம். லயம் கண்ணுக்குத் தெரியுற எடத்துல அக்கா நின்னா.

"நாளைக்கு நீ வாயத் தொறக்காத."

"இல்லக்கா, நாந்தான்னு சொல்லிருதேன்."

"சொல்லிட்டு? குளம் போனா குளந்தான் போவும். வீடு போனா அம்மாவ எங்கலே கொண்டு வைப்ப?"

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவ முன்னால நடந்துட்டா.

மறுநா குளத்துக்கரையில எல்லாரும் கூடுனோம். மேடம், சூப்பர்வைசரு, ஆபீசுல இருந்து ஒரு ஆளு, வார்டு மெம்பரு, அஞ்சு பொம்பளைக, சும்மா வேடிக்கை பாக்க வந்த பாதி லயம். அன்னைக்கு வேலைக்குப் போகாத ஆம்பளைக எல்லாம் அங்கதான். மழ பேஞ்சிருந்தாலும் மீனு புதுசா அதிகம் சாகல. சாக்க எடுத்தது வேலை செஞ்சிருக்குன்னு எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

ஆபீசு ஆளு உரப் புத்தகத்த விரிச்சுக் காட்டுனாரு. எல்லாம் தூருக்குத்தான் போயிருக்குன்னாரு. சூப்பர்வைசரு தலையாட்டுனாரு. மேடம், அப்ப இவ்வளவு சத்து எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டாக. ஆபீசு ஆளு பொம்பளைகளப் பாத்தாரு.

எனக்குத் தாங்கல. வாய் முந்திருச்சு.

"நாந்தான் போட்டேன். கடைசி மூட்டைய எல்லாம் ஓடையில விட்டேன். எங்க அக்காவுக்குச் சீரு செஞ்சேன்."

பின்னாடி நின்ன ஒருத்தன் கெக்கேன்னு சிரிச்சான். அவனுக்கும் ஓடை தெரியும், அவனும் சாக்கச் சொருகுறவந்தான். அவன் சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாக. "இவனுக்கு எப்பவும் வெளையாட்டுதான்"னாரு மெம்பரு. சூப்பர்வைசரு சிரிச்ச சிரிப்பு இருக்கே, முங்குறவன் மேல வந்து மூச்சு விடுற மாதிரி. நான், "இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன்"னேன். அதுக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாச் சிரிச்சாக. நான் நெசத்தச் சொல்லும்போது எப்படி மூஞ்சிய வச்சுக்கிடணும்னு எனக்கே தெரியல. இத்தன வருசமா அந்த மூஞ்சி தேவைப்படல.

அந்தச் சிரிப்புக்குள்ளயே அக்கா பேசுனா. சத்தமே இல்லாமப் பேசுனா.

"அவன் கெடக்கான் மேடம். சாணி நாங்கதான் போட்டோம். மீனு சீக்கிரம் பெருக்கும்னு போட்டோம். தப்புதான்."

மத்த நாலு பொம்பளைகளும் அவளத் திரும்பிப் பாத்தாக. அதுல ஒரு அக்கா என்னமோ சொல்ல வாயெடுத்தா. எங்க அக்கா அவ கையப் புடிச்சா. அந்தக் கையில எவ்வளவு அழுத்தம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அந்தக்கா பேசல. அவ வீட்டுக்காரனும் உரம் போடுறவந்தான்.

மேடம் மட்டும் சிரிக்கல. அவுக அக்காவப் பாக்கல, என் கையப் பாத்தாக. ஈர உரம் பட்டு விரலெல்லாம் வெடிச்சு வெள்ளையாப் போயிருந்துச்சு. ஓடையப் பாத்தாக. எழுத வேண்டிய பேப்பரக் கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தாக. பெறகு, "சாணின்னே எழுதட்டுமா?"ன்னு அக்காகிட்ட ஒருக்கா கேட்டாக. அக்கா ஆமான்னா. எழுதிட்டாக.

போகும்போது என் பக்கத்துல வந்து, மழைக்கு முன்னால உரம் போடாம இருக்கவும், ஓடைக் கரையில பத்து தூருக்கு உரமே போடாம விடவும் ஆபீசுல சொல்லிப் பாக்கேன்னாக. "நீயும் சொல்லு"ன்னாக. நான் சொன்னா யாரு மேடம் கேப்பான்னு சொல்ல வந்தேன். அது கேலி கணக்கா இருக்கும்னு சொல்லாம விட்டுட்டேன்.

குளத்துக்கு அனுமதி போச்சு. புதுசாக் குஞ்சு விடக் கூடாது, தீனி போடக் கூடாதுன்னுட்டாக. பாதி வளந்த மீன வலை போட்டு எடுத்தோம். உள்ளங்கை அகலங்கூட இல்ல. அஞ்சு வீட்டுக்கும் பங்கு வச்சாக. அம்மா கொழம்பு வச்சுச்சு. நான் பசியில்லன்னேன். அக்கா ஒண்ண எடுத்து என் தட்டுல வச்சு, "தின்னு. நீ செஞ்ச சீருதான"ன்னா. அவ மொத மொதல்ல என் வார்த்தையாலயே என்னயக் கேலி பண்ணுனது அன்னைக்குத்தான். முள்ளு பூராம் சின்னச் சின்ன முள்ளு.

லிஸ்ட்டுல என் பேரு வந்துருச்சு. வீடு நின்னுருச்சு. அக்கா கொழுந்துக்குத் திரும்பிட்டா, டெம்பரரியா. காலையில ரெண்டு பேரும் ஒரே பெரட்டுக் களத்துல தான் நிக்கிறோம். பேரக் கூப்புட்டதும் அவ கூடையத் தோளுல மாட்டுறப்ப நான் வேற பக்கம் பாத்துக்கிடுவேன். இப்ப நான் கடைசி மூட்டையக் கடைசித் தூரு வரைக்கும் கொண்டு போறேன். ஓடைக் கரையில பத்து தூர விட்டுருதேன், ஆபீசு சொல்லாட்டியும். எல்லாரும் வீட்டுக்குப் போயி ஒரு தூக்கம் போட்டப்புறந்தான் நான் எறங்குவேன். கூட்டாளிக எனக்குப் பட்டப்பேரு வச்சிருக்கானுக. நல்ல பேருதான், நான் வச்சிருந்தா இன்னும் நல்லா வச்சிருப்பேன். மத்தவனுக இன்னும் எந்தப் பள்ளத்துல சொருகுறானுகன்னு எனக்குத் தெரியும். சொன்னா சிரிப்பானுக.

குளத்த முழுசா வலை போட்டு எடுத்துற முடியல. கொஞ்சம் மீனு அடியில ஒளிஞ்சு தப்பிச்சிருக்கு. அதுகளுக்குத் தீனி போடுறது யாருமில்ல. வேலை முடிஞ்சு எறங்குறப்ப அந்தக் கரை வழியாத்தான் வரணும், வேற தடம் கெடையாது. என் நெழலு தண்ணியில விழுந்ததும் அதுக கெளம்பி வரும். கரையோரமா வந்து நின்னு வாயத் தொறக்கும். நான் வெறும் சாக்கத் தோளுல போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பேன். அதுகளும் நிக்கும். அப்புறம் அக்கா கூடையோட பின்னால வர்றது தெரியும். நான் நகந்து வழி விடுவேன். அவ குளத்தப் பாக்காமப் போயிருவா.